படியும் பதியும்

கொல்லிமலையை முன்னிட்டு மின்னணுக் காட்சிச்சாலைகளைப்பற்றிய ஓர் ஆராய்ச்சி

பண்டைச் சிற்பங்களைப் பார்த்து வார்த்தெடுத்த சுதைப்படிகளை ஆராய்ந்து, அவற்றின் உருவங்களைக் கணினியில் ஏற்றி, விளக்கவுரையும் சேர்த்து, உலகோர் இணையவழியே கண்டு பயிலுமாறு காட்சிச்சாலைகளாக அமைக்கும் பயிற்சி, இஞ்ஞான்று மேல்நாட்டுப் பல்கலைக்கழக மாணவரிடையே பரவி வருகின்றது. நம் நாட்டிலும் அவ்வழி திறந்துளது. தமிழ் இணையக் கல்விக்கழகம் தகவலாற்றுப்படை என்னும் பெயரால் கோயில், சிற்பம், கல்வெட்டு முதலியவற்றின் செய்திகளைத் திரட்டி வெளியிட்டு வருகின்றது. இவ்வழியே கொல்லிமலைக்கும் மாணவர் படக்கருவியுடன் வருதல் ஒருதலை. அவர் ஆண்டுக் காண்பன எவை, காட்டத்தகுவன எவை, காட்டலாகாதன எவை என வரையறுத்துக் கூறுதல் சைவ நன்மக்கட்கு உரிய கடமையாகும். அவ்வரையறை செய்யப் புகுமுன், படிக்கும் அதன் மூலத்துக்கும் உள்ள இயைபு யாது, மூலத்திருமேனிக்கும் பதிக்கும் உள்ள இயைபு யாது என்னும் இரண்டனையும் ஆராய்தல் வேண்டும். முன்னதை அறியாதார் கலைத்துறையிற் பிழைபடுவர்; பின்னதை அறியாதார் சமயத்துறையிற் பிழைபடுவர்.

முதற்கண் சுதைப்படியின் வரலாற்றைச் சிறிது நோக்குவாம். சிற்பத்தின்மேல் அச்சுப் பதித்து, அவ்வச்சினுள் சுட்ட ஜிப்சத்தின் குழம்பை வார்த்து, உலர்ந்தபின் எடுப்பது சுதைப்படியாம். அளவும் வடிவும் மூலத்தை ஒத்திருத்தலால், நெடுந்தொலைவு செல்ல இயலாத மாணவர்க்கு இது பெருந்துணையாயிற்று. 1867-ஆம் ஆண்டிற் பாரிசு நகரத்து நிகழ்ந்த பொருட்காட்சியின்போது, ஐரோப்பிய அரசகுடியினர் பலர் கூடி, சிறந்த கலைப்பொருள்களுக்குப் படிகள் செய்து நாடுகள் தம்முட் பகிர்ந்துகொள்க என ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். 1869-70-இல் ஹென்றி ஹார்டி கோல் என்பார் சாஞ்சியின் கீழைத் தோரணவாயில் முழுவதற்கும் அச்செடுப்பித்தார்; அதன் படி இலண்டனில் நிறுத்தப்பெற்றது. ஆண்டுள்ள விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையிற் படிகட்கெனவே அமைந்த பெருங்கூடங்கள் 1873-இலும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் படிச்சாலை 1884-இலும் திறக்கப்பெற்றன. இன்று மாணவர் கணினியில் ஏற்றுவன பெரும்பாலும் இத்தகைய படிகளின் உருவங்களே. ஆகவே அவர் காட்சிச்சாலையில் நாம் காண்பது மூலம் அன்று, மூலத்தின் படியும் அன்று, படியின் படி.

இதனாற் பயனில்லை என்று கொள்ளற்க. ஏதென்சு நகரத்துப் பார்த்தினான் கோயிலின் மேலைப்புறச் சிற்ப வரிசைக்கு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபுவின் ஏவலாளர் படியெடுத்தனர். மூலக்கற்கள் அதன்பின் இருநூறாண்டளவு மழையாலும் புகையாலும் தேய்ந்தன. கல்லில் மறைந்த நுண்வேலைகள் சுதையில் நின்றன. நம் நாட்டுக் கல்வெட்டுத்துறையினர் எடுத்த மைப்படிகளும் அத்தகையனவே. திருப்பணி என்னும் பெயரால் கற்கள் பெயர்க்கப்பட்டும், சுதை பூசி மூடப்பட்டும் அழிந்த சாசனங்கள் சில, இன்று மைப்படியளவில் உயிர் பிழைத்துள்ளன. மூலம் அழிந்துழிப் படியே சான்றாய் நிற்கும் என்பது இவற்றாற் பெறப்படும்.

எனினும், படி அறிவிப்பது உண்டு, மயக்குவதும் உண்டு. யவனர்தம் கற்சிலைகள் பலவும் செம்மை, நீலம், மஞ்சள் முதலிய வண்ணங்கள் தீட்டப்பெற்றிருந்தன என்பது இன்று ஆராய்ச்சியாளர்க்கு ஒப்ப முடிந்தது. அவ்வண்ணம் காலத்தாற் பெரும்பாலும் நீங்கிற்று. எஞ்சிய சுவடும் வெண்சுதைப் படியில் ஏறவில்லை. படிகளையே கண்டு பயின்ற பல தலைமுறையினர், யவனர் சிலை வெண்மையே அழகென வடிக்கப்பட்டது என நம்பினர். 2003-ஆம் ஆண்டு மியூனிக் நகரில் வண்ணந்தீட்டிய படிகளை நிறுத்திக் காட்டியபோது, அக்காட்சி பலர்க்கு வியப்பை விளைத்தது. வடிவத்தைப் பிழையாது காட்டிய படி, நிறத்தைப் பிழைபடக் காட்டிற்று. வடிவத்திற் பிழையின்மையே அந்நிறப்பிழையையும் நம்பச் செய்தது.

நம் சிவஞான சித்தியார் அளவையியலில் ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே அளவையாகக் கொள்ளப்படும். கயிற்றைப் பாம்பெனக் காணல் திரிபு. கண்ணிற் குறையில்லை, பொருளும் முன்னிற்கின்றது. ஆயினும் உணர்வு பிறழ்கின்றது. படியை மூலமென மயங்குதலும் இத்தன்மைத்தே. கணினித்திரையில் இம்மயக்கம் மிகும்; என்னை? சுதைப்படி கையாற் றொட்டால் சுதையெனத் தெரியும். தட்டினால் ஓசையாற் புலப்படும். திரையிலோ கல்லும் செம்பும் சுதையும் ஒரே ஒளியாய் நிற்கும். நூற்றுக்கணக்கான நிழற்படங்களைக் கணினி ஒன்றாய் இணைத்து முப்பரிமாண உருவாக்கும்போது, படத்துக்கு அகப்படாத இடங்களைத் தானே ஊகித்து நிரப்புதலும் உண்டு. கண்டது எது, நிரப்பியது எது எனக் காண்பார் அறியார். ஈண்டுக் காட்சியளவையும் கருதலளவையும் ஒன்றனோடொன்று கலந்து, இரண்டும் காட்சியெனவே பெயர் பெறுகின்றன.

நம் திருமேனிகள் திறத்து இம்மயக்கம் இன்னும் ஆழமானது. யவனர் சிலைக்கு வண்ணம் எவ்வாறோ, நம் உற்சவத்திருமேனிக்கு ஆடையும் அணியும் மாலையும் சாந்தும் அவ்வாறு. கோயிலில் அன்பர் காணும் கூத்தப்பெருமானைக் காட்சிச்சாலைக் கண்ணாடிப் பேழையுட் காண்பார், அவ்வன்பர் கண்ட கோலத்தைக் காண்கிலர். பேழையின் கீழுள்ள குறிப்போ வெண்கலம், இத்தனையாம் நூற்றாண்டு, உயரம் இவ்வளவு என்று நின்றுவிடுகின்றது. எவ்வூர், எக்கோயில், யார் எடுப்பித்தார், எந்நாளில் திருவுலாப் போந்தார், அவ்வூரைப் பாடிய பதிகம் யாது என்பன அக்குறிப்பிற் பெரிதும் காணப்படா. மாணவர் அமைக்கும் மின்னணுக் காட்சிகளும் இக்குறிப்பையே பின்பற்றிச் செல்கின்றன. குறிப்பிலுள்ள ஒவ்வொரு சொல்லும் மெய்; ஆயினும் குறிப்பு முழுவதும் சேர்ந்து ஒரு பொய்யை உணர்த்துகின்றது. அஃதாவது, இத்திருமேனி காண்டற்கென்றே வார்க்கப்பட்டது என்பது.

இனி, மூலத்திருமேனிக்கும் பதிக்கும் உள்ள இயைபை ஆராய்வாம். சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரனெனவே கண்டு தொழுக என விதிக்கின்றது. எங்கும் நிறைந்த பதியை ஓரிடத்துக் காண்க என்றது என்னையெனின், அவன் பிறவிடத்துப் பாலில் நெய்போல் விளங்காது நிற்பன், இவ்விடங்களில் தயிரில் நெய்போல் விளங்கி நிற்பன் என்பர் ஆசிரியர். விறகினுள் அடங்கிய தீக் கடைவார்க்குத் தோன்றுமாறு, மந்திரத்தாலும் அன்பாலும் வழிபடுவார்க்கு அவன் திருவுருவில் வெளிப்படுவன் என்பதூஉம் அவர் காட்டிய நெறி. இதனாற் பெறப்படுவது யாது? செம்பின் பழமையோ, சிற்பியின் திறமோ, இதுவே முதல் வார்ப்பு என்னும் சிறப்போ பதியின் விளக்கத்துக்குக் காரணம் அல்ல. பிரதிட்டையும் ஆவாகனமும் இடையறாத பூசையும் அன்புமே காரணம். ஆகவே காட்சிச்சாலையார் மதிக்கும் மூலம் வேறு. சித்தாந்திகள் வணங்கும் முதல் வேறு.

இவ்வேறுபாட்டைச் சோதித்தற்கு நம் நாட்டிலேயே ஒரு நிகழ்ச்சி நடந்தது. கும்பகோணத்தை அடுத்துள்ள பாடல்பெற்ற தலமாகிய சிவபுரத்தில் 1951-ஆம் ஆண்டு நிலத்தினின்றும் செப்புத்திருமேனிகள் சில வெளிப்பட்டன. அவற்றுட் கூத்தப்பெருமான் திருவுருவம் சோழர்காலத்தது. 1954-இற் பழுது பார்த்தற்கென அவை வெளியே அனுப்பப்பட்டன. கோயிலுக்குத் திரும்பி வந்தது கூத்தப்பெருமானின் மூலவடிவம் அன்று. அதனைப் பார்த்து வார்த்த புதுப்படி. மூலம் கைமாறிக் கடல்கடந்தது. பிரிட்டிஷ் காட்சிச்சாலையைச் சார்ந்த டக்ளஸ் பாரெட் என்பார், முற்காலச் சோழர் செப்புத்திருமேனிகளைப்பற்றி 1965-இல் வெளியிட்ட நூலிற் கோயிலிலுள்ளது புதுவார்ப்பு என்பதைப் புலப்படுத்தினார். பின்னர் 1970-களில் அமெரிக்க நாட்டு நார்ட்டன் சைமன் நிறுவனம் விலைக்குக்கொண்ட மூலத்தின்பொருட்டு வழக்கு நிகழ்ந்து, உடன்பாட்டின்படி 1986-இல் அது தாய்நாடு மீண்டது.

ஈண்டு ஒரு வினா எழும். படி வந்த நாள்தொட்டு அஃது இன்னதென வெளிப்பட்ட நாள்வரை, அதன்முன் நின்று கண்ணீர் மல்கத் தொழுத அன்பர் யாரைத் தொழுதனர்? கலையறிஞர் விடை, அவர் போலியைத் தொழுதனர் என்பதாம். சித்தாந்தியின் விடை அஃதன்று. தொழுதார் அன்பு போலியன்று. அவ்வன்பை ஏற்கும் பதியும் போலியாதல் இல்லை. விறகு மாற்றப்பட்டது, கடைந்தார் கடைதலை ஒழிந்திலர், தீயும் தோன்றாதொழியவில்லை. வஞ்சித்தவர் வஞ்சித்தது ஊராரையும் சட்டத்தையுமே. பெருமானை வஞ்சித்தல் யார்க்கும் இயலாது.

அற்றேல், படியிலும் பதி விளங்குவன் என்றமையால், களவுபோன மூலத்தைத் தேடுதல் வீண்முயற்சியாம் போலுமெனின், அற்றன்று. தந்தை வேறு வீட்டிலும் உயிர்வாழ்வர் என்பதுபற்றி, அவரை அவர் வீட்டினின்றும் கவர்ந்து சென்றாரைக் குற்றமிலர் என்பார் உண்டோ? வழிபாட்டுக்கென ஒருவர் கொடுத்த திருமேனி அக்கோயிற் பெருமானுக்கே உடைமை. தஞ்சை நாட்டுப் பத்தூரில் 1976-இல் வெளிப்பட்டு இலண்டன் சென்ற கூத்தப்பெருமான் திருமேனியைப்பற்றிய வழக்கில், அதனைக் கேட்டுப் பெறும் உரிமை பழுதுற்றுக் கிடந்த அக்கோயிலுக்கு உண்டென ஆங்கில நீதிமன்றமும் ஒப்பியது. 1991-இல் அத்திருமேனி மீண்டது. மேலும், சிவபுரத்துப் படியின் குற்றம் அது படியாயிருந்தமை அன்று. தான் படியென்பதை மறைத்து நிற்குமாறு அது வைக்கப்பட்டமையே. குற்றம் செம்பினதன்று, வைத்தாரது. நம் ஆராய்ச்சியின் உயிர்நிலை இதுவேயாம்.

படி தன்னைப் படியென்றே அறிவித்து நிற்றல் வேண்டும் என்னும் இவ்விதியை நாம் மேல்நாட்டாரிடம் கற்கவேண்டுவதில்லை. திருக்கோடிகாவில் இருந்த கோயிலை உத்தம சோழன் காலத்தில், அஃதாவது 10-ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில், அவன் தாயாராகிய செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்தார். பழைய கட்டடத்திலிருந்த கல்வெட்டுக்கள் அழியாதவண்ணம் புதுச்சுவரில் மீளப் பொறிக்கப்பட்டன. அங்ஙனம் பொறித்தோர், இது பழங்கல்லின் படி என்னும் குறிப்பையும் உடன் பொறித்து வைத்தனர். அதனைப் பொறியாதிருப்பின் கண்டுபிடிப்பார் யார்? முன்னோர் அளித்த அறம் இன்னதென்பது மறையாமையும், இக்கல் அவர் காலத்துக் கல் அன்றென்பது மறையாமையும் ஒருங்கே காத்தனர். ஆயிரம் ஆண்டுக்குமுன் கற்றச்சர் கையாண்ட இவ்வொழுக்கமே மின்னணுக் காட்சிச்சாலைக்கும் முதல் விதியாகத் தக்கது. மாணவர் ஏற்றும் ஒவ்வோர் உருவத்தின் கீழும், இஃது எதன் படி, எப்பொருளால் எப்போது யாரால் எடுக்கப்பட்டது, கணினி நிரப்பிய பகுதி யாது, மூலம் இன்று எங்குளது, முன்பு எங்கிருந்தது என்னும் ஐந்தும் இடம்பெறல் வேண்டும். ஈற்றில் நின்ற இரண்டும் வேறுபடுமாயின், எவ்வாறு வேறுபட்டன என்பதும் கூறல் வேண்டும்.

இவ்விதியைக் கொல்லிமலையில் வைத்துப் பார்ப்பாம். இம்மலையைப்பற்றிக் காட்சி அமைக்கப் புகுவார் முதலில் நாடுவது கொல்லிப்பாவையையே. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய தொகைநூல்கள் இப்பாவையைப் பேசுகின்றன. தெய்வத்தால் ஆக்கப்பட்டது, மேற்புறத்து நிற்பது, காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் உற்றபோதும் தன் வனப்புக் கெடாதது என அவை கூறும். கண்டாரை நகைத்து மயக்கிக் கொல்லும் இயந்திரப்பாவை என்பது பின்னையோர் வழக்கு. சிற்பத்துக்கு மகளிரை உவமமாக்காது, உயிருள்ள மகளிர்க்கு இச்சிற்பத்தையே அளவாக்கினர் சங்கப்புலவர். இத்துணைப் புகழ்பெற்ற பாவையின் மூலம் இன்று எக்காட்சிச்சாலையிலும் இல்லை. அதன் படியும் இல்லை. உயரமும் கையமைதியும் அப்பாடல்களால் அளந்தறியத்தக்கன அல்ல. மலையிலுள்ள எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவையென மக்கள் வழிபடுகின்றனர். அது போற்றத்தக்க வழக்கு. ஆயினும் வழக்கை வழக்கென்றும், நூற்செய்தியை நூற்செய்தியென்றும் பிரித்தே காட்டல் வேண்டும்.

இந்நிலையிற் கணினியை ஏவி அழகியதொரு பெண்ணுருவை ஆக்குவித்துக் கொல்லிப்பாவை என்று பெயரிடுதல் இன்று எளிது. அவ்வுரு படியும் அன்று. மூலமின்றிப் பிறந்த கற்பனை. சில ஆண்டு கழியின் அதனைக் கண்ட சிறுவர், சங்கப்புலவர் கண்டது இதுவே என்பர். நூலிலுள்ளதை அவ்வுருவுக்கேற்பத் திரித்தும் உரைப்பர். வெண்சுதைப்படி யவனர் சிலைக்குச் செய்த தீங்கினும் இது பெரிது. அங்கே ஒரு நிறம் மறைந்தது. இங்கே இல்லாத ஒன்று உள்ளதாகும். ஆகவே மாணவர் கொல்லிப்பாவைக்கென வைக்கத்தக்கது அப்பாடல்களின் செய்தியும், மலையின் மேற்புறத்து நிலத்தோற்றமும், மக்கள் வழக்கும் ஆகிய இவையே. உருவம் வேண்டுமென வேட்கை எழுமாயின், இஃது இக்காலத்தார் கற்பனை எனப் பெரிய எழுத்திற் பொறித்தபின்னரே அதனை வைக்க.

அடுத்தது, வளப்பூர் நாட்டுப் பெரியகோயிலூரில் ஐயாற்றங்கரையில் எழுந்தருளிய அறப்பளீசுரர் திருக்கோயில். இது தேவார வைப்புத்தலம். அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகத்தால் தமிழ்நாடெங்கும் அறியப்பட்டது. ஐயாறே அருகில் ஆகாயகங்கை என்னும் அருவியாய் வீழ்கின்றது. உழுதான் ஒருவனது கொழுமுனை பட்ட வடு இலிங்கத்திருமுடியில் உள்ளதென்பது தலவரலாறு. ஆற்றுமீன்களுக்கு உணவிட்டு வழிபடுதல் ஆண்டுள்ள வழக்கு. கருவறையுட் படமெடுத்தல் கோயில் ஒழுக்கத்துக்கு ஒவ்வாது. இதனைத் தடையென மாணவர் எண்ணற்க. கற்றற்குரிய பாடமென எண்ணுக. அருவுருவத் திருமேனியாகிய இலிங்கம் அளந்து காட்டற்கு உரியதன்று, அணைந்து வணங்கற்கு உரியது. அளவுக்கருவி அவ்வடுவைச் சிதைவு என்று பதியும். உழவன் கைநடுங்கி நின்ற நிலையை அது பதியாது. ஆகவே காட்சியில் மூலவர்க்குரிய இடத்தை வெறிதே விடுக. தலவரலாற்றை மட்டும் எழுதி, ஈண்டுக் காட்டலாகாதது ஆண்டுச் சென்று வணங்கற்பாலது என ஒரு வரி சேர்க்க. அவ்வெறுமை அக்காட்சியிலுள்ள எல்லா உருவங்களினும் மிகுதியாக மெய்யை உணர்த்தும்.

பின், மாணவர் காட்டத்தகுவன யாவை? கோயிலின் புறக்கட்டடம், தூண், வெளிப்புறத்துக் கற்சிற்பம், கல்வெட்டு, விழா, மலைவாழ் மக்கள் தம் வாயாற் கூறும் வரலாறு ஆகிய இவை. இறுதியிற் கூறியதை அம்மக்களின் இசைவு பெற்றே பதிதல் முறை. ஓசையையும் சேர்த்தல் நன்று. கொல்லி என்னும் பெயருடைய பண் ஒன்று உண்டு. திருநாவுக்கரசு சுவாமிகள் திருவதிகையில் அருளிய முதற்றிருப்பதிகம் அப்பண்ணில் அமைந்தது. மலையின் பெயரைக் கேட்ட மாணவன் அப்பண்ணையும் ஓதுவார் வாயிலாகக் கேட்பானாயின், அவன் அறிவு கண்ணளவில் நில்லாது.

படியெடுத்தலாற் கோயிலுக்கு வரும் காவலும் சிறிதன்று. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1950-களின் நடுப்பகுதி தொடங்கி நம் கோயில்தோறும் சென்று நிழற்படம் எடுத்து, நூறாயிரத்துக்கு மேற்பட்ட படங்களைத் தொகுத்து வைத்துள்ளனர். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிற் களவுபோன கூத்தப்பெருமான் திருமேனியை ஆத்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் விலைக்குக் கொண்டது. அப்பழம்படம் அதனை இன்ன கோயிலது என நிறுவத் துணைநின்றது. 2014-இல் அத்திருமேனி மீட்கப்பட்டது. சிவபுரத்திற் படி மூலத்தைக் களவுக்குக் கொடுத்தது. சிறீபுரந்தானிற் படி மூலத்தைக் களவினின்றும் மீட்டது. முன்னது தன்னை மறைத்த படி. பின்னது தன்னை இன்னதென அறிவித்த படி. ஆயினும் காவலற்ற மலைக்கோயில்களின் திருமேனிகளைப் பதிவுசெய்வார், பதிவைக் கோயிலாரிடமும் அரசினரிடமும் சேர்த்தல் வேண்டுமேயன்றி, அவை காவலின்றி இருக்கும் இடத்தை எல்லாரும் அறிய வெளியிடலாகாது. அது கள்வர்க்கு வழிகாட்டுதலாய் முடியும்.

முடிவாக, ஆசிரியப் பெருமக்கட்கு ஒன்று கூறுவாம். காட்சி, கருதல், உரை என நம் நூல்கள் வகுத்த மூன்றளவையையும் மாணவர் அமைக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பகுதியாக வைத்துப் பயிற்றுக. கண்ணாற் கண்டதும் கருவியால் அளந்ததும் முதற்பகுதி. அவற்றினின்று உய்த்துணர்ந்த காலமும் இடமும், கணினி ஊகித்து நிரப்பியதும் இரண்டாம் பகுதி. திருமுறையும் சாசனமும் தலவரலாறும் அடியார் வழக்கும் மூன்றாம் பகுதி. அவற்றுள் எது எவ்வகை உரை என்பதும் பிரித்துக் காட்டப்படுக. முதற்பகுதியோடு நிற்பவர் செம்பைக் காண்பர். இரண்டாவதையும் அடைந்தவர் சோழர் காலத்தைக் காண்பர். மூன்றாவதையும் கற்றவர் அத்திருமேனியின் முன் பல நூற்றாண்டு கைகூப்பி நின்றாரையும் காண்பர். அக்கூட்டத்தோடு ஒருவராய் நிற்றல் காட்சிச்சாலையால் தரற்கரியது. அதற்கு மலையேறிச் செல்லுதல் வேண்டும். ஏறுமாறு தூண்டுவது நற்படி. ஏறியதாக மயக்குவது தீப்படி. நம் மாணவர் நற்படி எடுப்பாராக.